தராசில் ஏறாத பிஸ்டன்

பினாங்குத் தீவிலும் சரி, அக்கரையில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் சரி, சனிக்கிழமை மாலையில் எந்த மோட்டார் பட்டறைக்குப் போனாலும் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் ‘பிளாக்’ பற்றித்தான் இருக்கும். 54 மில்லிமீட்டர் பிஸ்டனைக் கழற்றிவிட்டு 57 போடலாமா, துணிந்து 62-க்கே போய்விடலாமா? எந்தக் கார்புரேட்டர் பொருந்தும்? எந்தப் புகைக்குழாய் நல்ல சத்தம் தரும்? மொத்தம் எத்தனை ரிங்கிட்? எல்லாக் கேள்விகளும் வரும். ஒன்றே ஒன்று மட்டும் வராது. “புதுப் பிஸ்டன் எத்தனை கிராம்?”

இந்தக் கேள்வியைத்தான் நம் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன் நான். அவர்களுக்கு அது தோன்றாததற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டிக்கும் பாடப் புத்தகத்துக்கும் நடுவில் பாலம் போடாத அறிவியல் கல்வியைத்தான் சொல்ல வேண்டும். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அப்படிப்பட்ட நாட்டில், இயந்திரத்தின் சமநிலை என்பதைப் பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய பாடமாக ஒதுக்கி வைப்பது சரியில்லை.

சுற்றும் எடை என்ன செய்யும்?

எளிதான இடத்திலிருந்து தொடங்குவோம். காருக்குப் புது டயர் மாற்றும்போது, கடைக்காரர் சக்கரத்தை ஒரு இயந்திரத்தில் மாட்டிச் சுற்றிவிடுவார். திரையில் இரண்டு எண்கள் தெரியும். அதைப் பார்த்து விளிம்பில் சின்னச் சின்ன எடைக்கட்டிகளை ஒட்டுவார். “30 கிராம் கட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று சிலர் நினைப்பதுண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி 30 கிராம் கூடுதலாக இருக்கிறது. வண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 16 முறை சுற்றும். அப்போது அந்த 30 கிராம், அச்சை வெளிப்பக்கம் இழுக்கும் விசை 60 நியூட்டனுக்கு மேல். அதாவது 6 கிலோ மூட்டையை ஒரு கயிற்றில் கட்டி, வினாடிக்கு 16 முறை மேல், கீழ், முன், பின் என்று எல்லாத் திசைக்கும் இழுப்பது போல. ஸ்டீயரிங் நடுங்குவது அதனால்தான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் இந்த விசை கால் பங்காகிவிடும். வேகத்தின் வர்க்கத்தோடு அது வளர்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத நடுக்கம் நெடுஞ்சாலையில் தெரிவதற்கு இதுவே காரணம்.

திரையில் ஏன் இரண்டு எண்கள்? சக்கரத்துக்கு அகலம் உண்டு. உள்விளிம்பில் ஒரு பக்கமும் வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிர்ப் பக்கமும் கூடுதல் எடை இருந்தால், நிறுத்தி வைக்கும்போது சக்கரம் எந்தப் பக்கமும் சாயாது. தராசு சமமாக இருப்பதுபோல் தோன்றும். சுற்றத் தொடங்கியதும் இரண்டு விசைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, சக்கரத்தைத் தலையாட்ட வைக்கும். நிற்கும்போது சமநிலை என்பது வேறு. ஓடும்போது சமநிலை என்பது வேறு. அதனால்தான் இரண்டு தளங்களில் திருத்த வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது வெறும் சுற்றும் எடை. எங்கே கூடுதலோ அதற்கு நேர் எதிரில் அதே அளவு வைத்தால் தீர்ந்தது. சிக்கல் பிஸ்டனில்தான் இருக்கிறது.

போய்வரும் எடை என்ன செய்யும்?

பிஸ்டன் சுற்றுவதில்லை. சிலிண்டருக்குள் போகிறது, நிற்கிறது, திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தி எதிர்த் திசைக்குத் திருப்ப ஒரு விசை வேண்டும். அந்த விசைக்கு எதிர்விசையை இயந்திரத்தின் உடல் தாங்குகிறது. உடலிலிருந்து அது சட்டகத்துக்கும், சட்டகத்திலிருந்து ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் வருகிறது.

எவ்வளவு விசை? நம் சாலைகளில் நிறைய ஓடும் 135 சிசி வண்டி ஒன்றில் பிஸ்டனின் விட்டம் 54 மில்லிமீட்டர். அது போய்வரும் தூரம் 58.7 மில்லிமீட்டர். கிராங்கின் ஆரம் இதில் பாதி, சுமார் 29 மில்லிமீட்டர். பிஸ்டன், அதன் வளையங்கள், பின், கனெக்டிங் ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து 150 கிராம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8,000 சுற்றில், மேல்முனையில் பிஸ்டனின் முதன்மை முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 2,100 மடங்கு. உள்ளங்கையில் அடங்கும் அந்த 150 கிராம், ஏறக்குறைய 315 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இயந்திரத்தை இழுக்கிறது. இது வினாடிக்கு 133 முறை நடக்கிறது.

இதை எப்படிச் சமன் செய்வது? கிராங்கில், பிஸ்டன் பக்கத்துக்கு நேர் எதிரே ஒரு எதிர் எடையை வைக்கலாம். பிஸ்டன் மேலே போகும்போது அது கீழே இழுக்கும். பிஸ்டனின் 150 கிராமுக்கும் முழுதாக ஈடுகட்டினால் சிலிண்டரின் திசையில் முதன்மையான அதிர்வு மறைந்துவிடும். ஆனால் எதிர் எடை சுற்றும் பொருள். கிராங்க் கால் சுற்று திரும்பியதும் அது பக்கவாட்டில் இழுக்கும். அந்த நேரத்தில் அதை எதிர்த்து இழுக்கப் பக்கவாட்டில் பிஸ்டன் இல்லை. மேலும் கீழுமாக இருந்த அதே 315 கிலோ அதிர்வு, இப்போது இடமும் வலமுமாக மாறியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஆகவே ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தில், கிராங்கில் வைக்கும் எதிர் எடையால் மட்டும் முழுச் சமநிலை என்பது கிடையவே கிடையாது. எந்த நிறுவனம் செய்தாலும் இதுதான் நிலை. பாதி எடைக்கு ஈடுகட்டினால் மேல்கீழ் அதிர்வு பாதியாகும். பக்கவாட்டில் பாதி அளவு புதிதாக வரும். பொறியாளர்கள் பொதுவாகப் பாதியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ ஒரு பங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலிண்டர் நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா, சட்டகம் எந்தத் திசையில் உறுதியாக இருக்கிறது, ஓட்டுபவர் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓட்டுவார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் அந்தப் பங்கு முடிவாகிறது. மிச்ச அதிர்வை எந்தப் பக்கம் அனுப்பினால் கேடு குறைவு என்று ஆராய்ந்து எடுத்த முடிவு அது.

இதற்கு மேலும் வேண்டுமானால் இன்னொரு தண்டு தேவை. போய்வரும் விசையை, எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் இரண்டு பாதி விசைகளின் கூட்டாகப் பார்க்கலாம். ஒரு பாதியைக் கிராங்கின் எதிர் எடை தீர்க்கும். மற்றொரு பாதியைத் தீர்க்க, கிராங்குக்கு எதிர்த் திசையில் அதே வேகத்தில் சுற்றும் சமநிலைத் தண்டு ஒன்றை வைக்கிறார்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் இது உண்டு. எளிய கப்சாயில் விலையும் எடையும் கூடும் என்பதால் பெரும்பாலும் இருக்காது.

மூன்றும் நான்கும், நீராவியும்

சிலிண்டர்கள் கூடினால் ஒன்றை ஒன்று சமன் செய்துகொள்ளும் வாய்ப்பும் கூடும். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலை நினைவிருக்கிறதா? மூன்று சிலிண்டர் இயந்திரம். மூன்று பிஸ்டன்களும் 120 பாகை இடைவெளியில் இயங்குவதால் அவற்றின் மேல்கீழ் விசைகள் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். ஆனால் ஒரு ஓரத்துப் பிஸ்டன் மேலே இழுக்கும்போது மறு ஓரத்துப் பிஸ்டன் கீழே இழுக்கிறது. அதனால் இயந்திரம் ஏற்றப்பலகைபோல் ஆட முயலும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மூன்று சிலிண்டர் கார்கள் சிலவற்றில் தெரியும் அந்தச் சின்ன நடுக்கத்தில் இதற்கும் பங்குண்டு.

நான்கு சிலிண்டர் கார்களில் அந்த ஆட்டம் இல்லை. அங்கே வேறொன்று தலைகாட்டும். கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டனின் ஓட்டம் மேல்பாதியில் சற்று வேகமாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் இருக்கும். இதனால் கிராங்கின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் இன்னொரு அதிர்வு பிறக்கிறது. நான்கு பிஸ்டன்களுக்கும் அது ஒரே திசையில் சேர்ந்துகொள்கிறது. இதைத் தீர்க்க, இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு தண்டுகளை வைக்கலாம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழி சொன்னார். இன்றும் பல கார்களில் இருப்பது அந்த யோசனைதான்.

அதற்கும் முன்னால் ரயில்காரர்கள் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். ஜார்ஜ்டவுன் கடற்கரையோரம் மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத்துறைக் கட்டடம் ஒரு காலத்தில் ரயில் வராத ரயில் நிலையம். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு படகில் பிறைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். நம் தாத்தாக்களில் பலர் அந்த ரயில்வேயில் உழைத்தவர்கள். பழைய நீராவி எஞ்சின் படம் கிடைத்தால் அதன் பெரிய சக்கரங்களைக் கவனியுங்கள். ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் இரும்பு நிரப்பியிருக்கும். அதுதான் எதிர் எடை.

நீராவி எஞ்சினில் பிஸ்டன் படுக்கையாகப் போய்வரும். அதைச் சமன் செய்யச் சக்கரத்தில் கூடுதல் எடை வைத்தால், அது கீழே வரும் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தை அடிக்கும். ரயில்காரர்கள் இதைச் சம்மட்டி அடி என்றே அழைத்தார்கள். பயணிக்குச் சொகுசு, பாலத்துக்கு அடி. பிரிட்டனில் பாலங்கள் தாங்கும் அழுத்தத்தை ஆராய அமைத்த குழு, 1928-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சம்மட்டி அடியை விரிவாக எடுத்துப் பேசியது. சிலிண்டர்களைக் கூட்டி ஒன்றுக்கொன்று ஈடுகட்டச் செய்வது ஒரு தீர்வு. மலாயா ரயில்வே 1938 முதல் ஓட்டிய ‘ஓ’ வகை எஞ்சின்களில் மூன்று சிலிண்டர்கள் இருந்தன.

அதிர்வு தானாகக் காணாமல் போவதில்லை. ஒரு இடத்தில் குறைத்தால் வேறு எங்கோ, யாரோ அல்லது எதுவோ அதைத் தாங்குகிறது. யார் தாங்குவது என்று முன்கூட்டியே கணக்கிட்டு முடிவெடுப்பதுதான் பொறியியல்.

62 மில்லிமீட்டர் செய்யும் வேலை

இப்போது பட்டறைக்கு வருவோம். 54 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 62 மில்லிமீட்டர் போட்டால் 135 சிசி வண்டி 177 சிசி ஆகிறது. பையனுக்கு அந்த எண் மட்டுமே தெரிகிறது. தெரியாத எண்ணைப் பார்ப்போம்.

ஒரே வடிவத்தில் பிஸ்டனைப் பெரிதாக்கினால் அதன் எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். நல்ல தயாரிப்பாளர்கள் பிஸ்டனின் பாவாடைப் பகுதியைக் குட்டையாக்கி எடையைக் குறைப்பார்கள். மலிவுப் பொருளில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எடை போட்டுப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. போய்வரும் எடை 150 கிராமிலிருந்து 200 கிராமாகக் கூடியது என்று வைத்துக்கொள்வோம்.

தொழிற்சாலை பாதிக்கு, அதாவது 75 கிராமுக்கு, எதிர் எடை வைத்திருந்தது. ஈடுகட்டாமல் மிச்சம் இருந்தது 75 கிராம். பிஸ்டனை மாற்றியவர் கிராங்கைத் தொடவில்லை. எதிர் எடை அதே 75-தான். மிச்சம் இப்போது 125 கிராம். 8,000 சுற்றில், சிலிண்டரின் திசையில் முன்பு சுமார் 157 கிலோ எடைக்குச் சமமாக இருந்த விசை இப்போது 262 கிலோ. பெரிய பிளாக் போட்டவர் 8,000-இல் நிறுத்தமாட்டார். 10,000 வரை முறுக்குவார். அப்போது 410 கிலோ. பழைய அதிர்வைப்போல் 2.6 மடங்கு, வினாடிக்கு 167 முறை.

இந்த விசையெல்லாம் எங்கே போகிறது? கிராங்கின் பேரிங் தேய்கிறது. இயந்திரத்தைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் மெல்ல மெல்லத் தளர்கின்றன. பற்றவைத்த இணைப்புகளில் மயிரிழை விரிசல் விழுந்து நாளாக நாளாக நீள்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன. மரத்த விரல் பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். கைப்பிடியின் இரு முனைகளிலும் தொழிற்சாலை பொருத்தித் தரும் கனமான உருளைகளை அழகுக்காக இருக்கின்றன என்று நினைத்துப் பல பையன்கள் கழற்றிவிட்டு இலேசான வண்ண மூடிகளைப் போடுகிறார்கள். கைப்பிடியின் இயல்பான அதிர்வெண், இயந்திரம் வழக்கமாக ஓடும் அதிர்வெண்ணோடு பொருந்திவிடாமல் தள்ளி வைக்கத்தான் அந்த எடைகள். அவற்றையும் எடுத்துவிட்டால் ஒத்ததிர்வுக்கு வாசல் திறந்துவிடுகிறோம்.

“பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் செய்வதில்லையா?” என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கப் பிரி பந்தயம் நம் நாட்டில் 1994 முதல் நடக்கிறது. பந்தய இயந்திரத்தை முறையாகக் கட்டுகிறவர்கள் பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துவதில்லை. கனெக்டிங் ராடின் பெரிய முனையைத் தாங்கிப் பிடித்து, சிறிய முனையைத் தராசில் கிடையாக வைத்து எடை பார்க்கிறார்கள். அதோடு பிஸ்டன், வளையம், பின், கிளிப் எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். பிறகு கிராங்கில் துளையிட்டு ஒரு பக்கம் இலேசாக்குகிறார்கள், அல்லது கனமான உலோகத்தை அடைத்து மறுபக்கம் எடை கூட்டுகிறார்கள். வண்டியைப் பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துப் பார்க்கிறார்கள். நம் பையன் பந்தயக்காரரிடமிருந்து பாகத்தை மட்டும் கடன் வாங்குகிறான். தராசை விட்டுவிடுகிறான்.

பந்தயம் பிடிக்காதவர்களுக்கும் இது பொருந்தும்

இதை இளைஞர்களின் வேகப் பித்து என்று ஒதுக்கிவிட வேண்டாம். சாலையோரம் புல் வெட்டும் தொழிலாளியைப் பாருங்கள். தோளில் தொங்கும் இயந்திரத்தின் கத்தி கல்லில் பட்டு 5 கிராம் உடைந்து தெறிக்கிறது. அந்த இடம் மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தூரம். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அந்த 5 கிராம் குறை, 33 கிலோ எடைக்குச் சமமான விசையால் தண்டை உலுக்கும். அது கைப்பிடி வழியாக அவர் கைக்குப் போகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கும் கைகளில் இரத்த ஓட்டமும் நரம்பும் பாதிக்கப்பட்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் உலகெங்கும் அறியப்பட்டது. “மெஷின் அப்படித்தான் நடுங்கும்” என்று பொறுத்துக்கொள்ளும் அந்த மனிதருக்கு, கத்தியை மாற்றினால் நடுக்கம் பெரிதும் குறையும் என்று யாராவது சொல்ல வேண்டும். அவருடைய பிள்ளை பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வேலைவாய்ப்புக் கோணமும் உண்டு. பாயான் லெப்பாசிலும் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளில் விசிறியும் பம்பும் கம்பிரஸரும் இல்லாத கூடமே இராது. அவற்றின் சமநிலைக்கு அனைத்துலகத் தரம் இருக்கிறது. சாதாரணப் பம்புக்கும் விசிறிக்கும் உரியது ஜி 6.3 என்னும் தரம். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் விசிறிக்கு அதன் பொருள், எடை மையம் அச்சிலிருந்து 20 மைக்ரோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது. ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அதிர்வை அளந்து, எந்தப் பேரிங் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் தொழில்நுட்பர்களுக்கு எந்த ஆலையிலும் மதிப்புண்டு. பட்டறையில் நிற்கும் நம் பையனுக்கு அந்த வேலைக்கான காது ஏற்கெனவே இருக்கிறது. எண்தான் இல்லை.

புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது

வேடிக்கை என்னவென்றால், தேவையான அறிவியல் முழுவதும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நான்காம் படிவ இயற்பியலில் நிலைமம் வருகிறது. ஈர்ப்பு விசைப் பாடத்தில் மையநோக்கு விசை, நம் மாணவர்கள் ‘டாயா மெமுசாட்’ என்று மனப்பாடம் செய்வது, வருகிறது. அலைகள் பாடத்தில் ஒத்ததிர்வு வருகிறது. ஐந்தாம் படிவத்தில் விசைகளைக் கூட்டவும் பிரிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். எதிர் எடைக் கணக்குக்கு இதைவிட அதிகம் வேண்டாம். ஆனால் மையநோக்கு விசைக்குச் செயற்கைக்கோளும், ஒத்ததிர்வுக்கு ஊஞ்சலும் உதாரணமாக வந்து போகின்றன. பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் நூறு கப்சாய்கள் உதாரணமாக வருவதில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பட்டறையில் நிற்கும் பையன்களில் பலர் இயற்பியல் பாடத்தை எடுப்பதே இல்லை. யாருக்கு இந்த அறிவு இன்றைக்கே தேவையோ, அவர்கள் அந்த வகுப்பறைக்கு வெளியே இருக்கிறார்கள். அதனால் இதை இயற்பியல் ஆசிரியரின் வேலை என்று மட்டும் விட்டுவிட முடியாது. பொது அறிவியல் வகுப்பிலும், வாழ்வியல் திறன் பட்டறையிலும், அறிவியல் கழகத்திலும் இதற்கு இடம் வேண்டும்.

எதிர்ப்புகள் வரும், தெரியும். முதலாவது: “இயந்திரத்தை மாற்றுவது சட்டவிரோதம். அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதா?” ஜேபிஜே அனுமதியில்லாமல் இயந்திரத்தை மாற்றுவது குற்றம்தான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் சட்டம் இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது. பெரிய பிளாக்கும் கடையில் விற்கிறது. “கூடாது” என்று மட்டும் சொன்னால் பையன் போலீஸ் தடுப்பைத்தான் பார்த்துப் பயப்படுவான். 157 கிலோ எப்படி 410 கிலோ ஆகிறது என்று அவனே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால், போலீஸ் இல்லாத சாலையிலும் யோசிப்பான். எத்தனை பேர் மனம் மாறுவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தெரியாமல் செய்கிறவர்கள் குறைவார்கள் என்பது மட்டும் உறுதி.

இரண்டாவது: “தேர்வில் வராததற்கு நேரம் எங்கே?” இரண்டு பாட நேரம் போதும். சூத்திரங்கள் தேர்வில் வருபவைதான். உதாரணம் மட்டும் மாறுகிறது. உதாரணம் மாணவனின் சொந்த வண்டியாக இருக்கும்போது, கடைசி வரிசையில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

மூன்றாவது: “பொருள்களுக்குச் செலவாகுமே?” பழைய கிராங்க் ஒன்றைப் பட்டறைக்காரரிடம் கேட்டால் இரும்பு விலைக்குத் தருவார், பள்ளிக்கு என்றால் சும்மாவே தருவார். சமையலறை மின்தராசு ஆய்வகத்தில் இருக்கிறது. இவை இரண்டும் போதும்.

நாளைக்கே தொடங்கலாம்

பள்ளிகள் சைக்கிளிலிருந்து தொடங்கலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிடுங்கள். பல சக்கரங்களில், காற்றடிக்கும் வால்வு இருக்கும் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்க ஆரக்காலில் சிறு வாஷர்களைக் கட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை சரிசெய்யச் சொல்லுங்கள். அடுத்ததாகக் கைப்பேசி. அதற்குள் முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி அதை வரைபடமாகக் காட்டும். மேசை விசிறியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இறக்கை ஒன்றில் ஆசிரியரே ஒட்டுநாடாவைச் சில சுற்று ஒட்டட்டும். கூண்டை மூடியபின் அடியில் கைப்பேசியை வைத்து, முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடலாம். கைப்பேசி அதிரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். பல கைப்பேசிகளில் வேண்டுமென்றே சமநிலை குலைத்த ஒரு குட்டி மோட்டார் சுற்றுகிறது.

மூன்றாவது படி கிராங்கும் பிஸ்டனும். பழைய பிஸ்டன், புதுப் பிஸ்டன் இரண்டையும் தராசில் வைத்து எழுதச் சொல்லுங்கள். மிச்ச விசையைக் கணக்கிடச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளிகளில் நடக்கும் அறிவியல் விழாக்களில் எரிமலையும் எலுமிச்சை பேட்டரியும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டோம். தாத்தா ஓட்டிய வண்டியின் கிராங்க் ஒன்று மேசைமேல் வரட்டும்.

பட்டறைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் காதாலேயே கோளாறு கண்டுபிடிக்கும் வல்லவர்கள். மேசைமேல் ஒரு மின்தராசும் வையுங்கள். எந்தப் பிஸ்டனை மாற்றினாலும், தேய்ந்ததற்குப் பதில் அதே அளவில் புதிது போட்டாலும்கூட, பழையது இத்தனை கிராம், புதியது இத்தனை கிராம் என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். நாலு பட்டறை செய்யத் தொடங்கினால், எடை எழுதாத பொருளை விற்கும் கடைக்கும் கேள்வி போகும்.

பெற்றோரே, மகன் பிளாக் மாற்றக் காசு கேட்டால் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். “எத்தனை கிராம் கூடுது? கிராங்கை என்ன செய்யப் போறே?” என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், “கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்று சொல்லுங்கள். அந்தப் பதிலைத் தேடிப் போகிறவன், திரும்பி வரும்போது ஒன்று பெரிய பிளாக் ஆசையை விட்டிருப்பான், அல்லது இயந்திரவியல் படிக்கும் ஆசையோடு வந்திருப்பான். செபராங் பிறை பாலிடெக்னிக்கில் அவனுக்கு இடமிருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் நமக்கு மகிழ்ச்சியே.